பூமியின் ஆழத்தை எடைபோட்ட ஆக்லாந்துக் கணிதவியலாளர்

பூமியின் மேற்பரப்பிலிருந்து அதன் மையத்தை நோக்கி ஒருவர் இறங்கிச் செல்ல முடிந்தால் அவருடைய எடை என்னவாகும்? ஆழம் கூடக் கூட ஈர்ப்பு விசை படிப்படியாகக் குறைந்து மையத்தில் இல்லாமல் போய்விடும் என்பதே பலரும் பள்ளிக்கூடத்திலிருந்து நினைவில் வைத்திருக்கும் விடை. மையத்தைப் பொறுத்தவரை அந்த விடை சரியானது. ஆனால், அங்கு சென்று சேரும் பாதையைப் பொறுத்தவரை அது பெருமளவு தவறானது.

உண்மையில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் ஆழம் வரை ஈர்ப்பு விசை பெரிதாக மாறுவதே இல்லை. அதன் பின்னர் அது குறைவதற்குப் பதிலாகச் சற்று அதிகரிக்கிறது. மேற்பரப்பில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் நிற்க முடிந்தால், தராசு சுமார் 65 கிலோ காட்டும். அதற்குக் கீழேதான் வீழ்ச்சி தொடங்குகிறது.

மனிதர் எவரும் சென்று பார்க்க முடியாத இந்த ஆழங்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிவதற்கு முக்கியக் காரணமானவர்களில் ஒருவர், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பிறந்து, பின்னர் அதே நகரில் காலமான கணிதவியலாளர் கீத் எட்வர்ட் புல்லன்.

எரிமலைகளின் நகரில்

புல்லன் 1906ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் தேதி பிறந்தார். ஆக்லாந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு எரிமலை வாய்களின் மீது அமைந்திருக்கும் நகரம். அவர் படித்த ஆக்லாந்து கிராமர் பள்ளி, ஈடன் மலை என்ற அணைந்த எரிமலையின் அருகிலேயே இருக்கிறது. நகரின் துறைமுகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் ரங்கிடோட்டோ தீவு, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்னர் கடலுக்குள்ளிருந்து வெடித்து எழுந்த ஒன்று. பூமியின் உட்பகுதி அமைதியான இடமல்ல என்பதற்கு அந்நகரவாசிகளுக்குத் தனியாகச் சான்று தேவைப்படுவதில்லை.

அவர் பிறந்த 1906ஆம் ஆண்டுக்கு இந்தத் துறையின் வரலாற்றில் இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் நீண்டகாலம் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் என்பவர், பூமியின் நடுவில் மற்றப் பகுதிகளிலிருந்து வேறுபட்ட ஒரு பெரிய கரு இருக்கிறது என்பதற்கான சான்றை வெளியிட்டது அந்த ஆண்டில்தான். 1897ஆம் ஆண்டு அசாமைச் சிதைத்த பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் அவர். அந்த நிலநடுக்கத்தின் அதிர்வுகள் தொலைதூர நாடுகளில் பதிவானதைப் பார்த்தே, நிலநடுக்க அலைகளில் வெவ்வேறு வகைகள் உண்டு என்பதையும் அவை வெவ்வேறு வேகத்தில் வருகின்றன என்பதையும் அவர் பிரித்துக் காட்டியிருந்தார்.

அதாவது, புல்லன் பிற்காலத்தில் எடைபோடவிருந்த புவிக்கருவும் புல்லனும், அறிவியல் உலகைப் பொறுத்தவரை ஒரே வயதினர்.

பேரழிவும் பயணமும்

ஆக்லாந்து பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் படித்த புல்லன், தான் படித்த பள்ளியிலேயே சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். பின்னர் கல்லூரியில் கணித விரிவுரையாளரானார். அக்காலத்து நியூசிலாந்தில் உயர் ஆய்வுக்கு வழிகள் மிகக் குறைவு. அணுவின் உட்கருவைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்ட் உட்பட அந்நாட்டின் திறமையான மாணவர்கள் கப்பலேறி இங்கிலாந்து செல்வதே வழக்கமாக இருந்தது.

புல்லனும் 1931ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குச் சென்றார். அதே ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, நியூசிலாந்தின் வடக்குத் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஹாக்ஸ் விரிகுடாப் பகுதியைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. நேப்பியர் நகரின் மையப் பகுதி இடிந்தும் எரிந்தும் போனது. 256 பேர் உயிரிழந்தனர். நியூசிலாந்தின் வரலாற்றில் மிக அதிகமான உயிர்களைப் பறித்த இயற்கைப் பேரழிவுகளில் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் ஹரால்ட் ஜெஃப்ரிஸ். புவிக்கருவின் வெளிப்பகுதி திரவ நிலையில் இருக்கிறது என்பதை 1926ஆம் ஆண்டு வலுவான வாதங்களுடன் நிறுவியவர் இவர். உலகெங்குமுள்ள பதிவு நிலையங்களிலிருந்து வந்து குவிந்த நிலநடுக்கத் தகவல்களை ஒழுங்குபடுத்தும் பெரும் பணியில் ஜெஃப்ரிஸ் அப்போது இறங்கியிருந்தார்.

நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டால் அதன் அலைகள் பூமியைத் துளைத்துக்கொண்டு எல்லாத் திசைகளிலும் செல்கின்றன. ஒரு குறிப்பிட்ட தொலைவிலுள்ள நிலையத்தை அவை எத்தனை நிமிடங்கள், எத்தனை வினாடிகளில் சென்றடையும் என்பதைக் கூறும் துல்லியமான அட்டவணை அன்று இருக்கவில்லை. அட்டவணை இல்லாமல் நிலநடுக்கம் ஏற்பட்ட இடத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. நிலநடுக்கங்களின் இடமும் நேரமும் சரியாகத் தெரியாமல் அட்டவணையைத் தயாரிக்கவும் முடியாது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தி, மீண்டும் மீண்டும் கணக்கிட்டே இந்தச் சிக்கலிலிருந்து வெளிவர வேண்டியிருந்தது. கணினிகள் இல்லாத காலத்தில் இது கைக்கணக்காகவே நடந்தது.

அவர்களுடைய அட்டவணையின் முதல் வடிவம் 1935ஆம் ஆண்டிலும் முழுமையான வடிவம் 1940ஆம் ஆண்டிலும் வெளியாயின. ஜெஃப்ரிஸ் - புல்லன் அட்டவணை என்று அழைக்கப்படும் இது, உலக நிலநடுக்கங்களின் இடங்களைக் கணிக்கும் சர்வதேச மையத்தில் இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகள் வரை பயன்பாட்டில் இருந்தது. இவ்வளவு காலம் நீடித்த அறிவியல் அட்டவணைகள் அரிது.

எடைபோடுவது எப்படி?

1934ஆம் ஆண்டு ஆக்லாந்து திரும்பிய புல்லன், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வைத் தொடர்ந்தார். பூமி முழுமையான கோளம் அல்ல. துருவங்களில் சற்றுத் தட்டையானது. எனவே அலைகளின் பயண நேரத்தில் சிறு திருத்தங்கள் செய்ய வேண்டியிருந்தது. பூமிக்குள்ளே இருக்கும் ஒவ்வோர் அடுக்கும் எந்த அளவு தட்டையானது என்பது தெரிந்தால்தான் இத்திருத்தத்தைச் செய்ய முடியும். அதற்கு ஒவ்வோர் ஆழத்திலும் பூமியின் அடர்த்தி என்ன என்பது தெரிய வேண்டும்.

இவ்வாறு, பயண நேரத்தில் சில வினாடிகளைத் திருத்தப் புறப்பட்டவர், பூமி முழுவதையும் அடுக்கடுக்காக எடைபோடும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

பூமியின் மொத்த எடை ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஹென்றி கேவண்டிஷ் 1798ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையின் மூலம், பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று தெரியவந்திருந்தது. மேலோட்டுக்குக் கீழேயுள்ள பாறையின் அடர்த்தியோ தண்ணீரைப் போல 3.3 மடங்குதான். ஆகவே, உள்ளே ஏதோ மிகவும் கனமானது இருந்தாக வேண்டும். ஆனால் எங்கே, எவ்வளவு?

இந்த இடத்தில்தான் ஈர்ப்பு விசை கணக்குக்குள் வருகிறது. ஆழத்தில் உள்ள பாறையை அமுக்குவது அதற்கு மேலேயுள்ள பாறையின் பாரம். அந்தப் பாரத்தைத் தீர்மானிப்பது அந்த ஆழத்தின் ஈர்ப்பு விசை. அமுக்கம் எவ்வளவு என்பதையும், பாறை அமுக்கத்துக்கு எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதையும் அறிந்தால் அடர்த்தியைக் கணிக்கலாம். பாறை எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதை நிலநடுக்க அலைகளின் வேகம் சொல்லிவிடுகிறது. வாஷிங்டனில் ஆடம்ஸ், வில்லியம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1923ஆம் ஆண்டிலேயே இதற்கான சமன்பாட்டை அளித்திருந்தார்கள்.

மேலேயிருந்து தொடங்கி ஓர் அடுக்கின் எடையைக் கணித்து, அதை மொத்த எடையிலிருந்து கழித்து, மீதியைக் கொண்டு அடுத்த ஆழத்தின் ஈர்ப்பு விசையைக் கணித்து, அதிலிருந்து அடுத்த அடுக்கின் அடர்த்தியைப் பெறுவது என்பதே வழிமுறை. புல்லன் இதைப் படிப்படியாகக் கீழே கொண்டு சென்றார்.

பொருந்தாத கணக்கு

மொத்த எடையைத் தவிர இன்னோர் எண்ணும் புல்லனின் கையில் இருந்தது. நடனமாடுபவர் கைகளை விரித்தால் சுழற்சி மெதுவாகும், மடக்கினால் வேகமாகும். எடை ஒன்றே என்றாலும் அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பது சுழற்சியைப் பாதிக்கிறது. இதை நிலைமத் திருப்புத்திறன் என்று இயற்பியல் நூல்கள் அழைக்கின்றன. பூமியின் சுழலும் அச்சு பல ஆயிரம் ஆண்டுகளில் மெதுவாகத் திசைமாறி வருவதை வானியலாளர்கள் அளந்திருந்ததால், பூமிக்கான இந்த எண்ணும் தெரிந்திருந்தது.

மேலோட்டுக்குக் கீழிருந்து புவிக்கரு வரை பரந்திருக்கும் பாறைப் பகுதிக்குக் கவசம் என்று பெயர். அந்தக் கவசம் முழுவதும் ஒரே பொருளாலானது, ஆழத்தில் அமுங்குவதால் மட்டுமே அடர்த்தி கூடுகிறது என்று வைத்துக்கொண்டு புல்லன் கணக்கிட்டார். பின்னர் மொத்த எண்களிலிருந்து கவசத்தின் பங்கைக் கழித்தார். புவிக்கருவுக்கு மிஞ்சிய எண்கள், அக்கரு நடுவில் இலேசாகவும் வெளிப்புறத்தில் கனமாகவும் இருப்பதாகக் கூறின. இது நடக்கக்கூடிய ஒன்றல்ல. திரவத்தில் கனமானது கீழே இறங்கியே தீரும்.

கணக்கில் பிழை இல்லை என்றால், தொடக்கத்தில் வைத்துக்கொண்ட கருத்தில்தான் பிழை இருக்க வேண்டும். கவசத்தின் நடுவில் எங்கோ ஓரிடத்தில், வெறும் அமுக்கத்தால் விளக்க முடியாத அளவுக்கு அடர்த்தி கூடியாக வேண்டும் என்று 1936ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் புல்லன் முடிவு செய்தார்.

எவரும் கண்டிராத ஒரு மாற்றத்தை, கணக்கு ஒத்துவராததை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு அவர் அறிவித்தது அது. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. சுமார் 410 கிலோமீட்டர் ஆழத்திலும் 660 கிலோமீட்டர் ஆழத்திலும் பாறையின் கனிமங்கள் அமுக்கத்தால் தங்கள் அணு அடுக்கையே மாற்றிக்கொண்டு நெருக்கமாகின்றன என்பது இன்று ஆய்வுக்கூடங்களில் செய்துகாட்டப்பட்ட உண்மை. இதில் பெரும்பங்கு வகித்தவர் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் பணியாற்றிய டெட் ரிங்வுட். அக்கனிமங்களில் ஒன்று அவருடைய பெயராலேயே ரிங்வுடைட் என்று வழங்கப்படுகிறது.

எடை ஏன் குறையவில்லை?

இந்தக் கணக்குகளின் விளைவாக, பூமியின் உள்ளே ஈர்ப்பு விசை எப்படி மாறுகிறது என்பதற்கான தெளிவான வரைபடம் கிடைத்தது.

ஒருவர் பூமிக்குள் இறங்கும்போது இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. முதலாவதாக, அவருக்கு மேலே விடப்பட்ட அடுக்குகள் எடைக்கணக்கிலிருந்து கழிந்துவிடுகின்றன. வெங்காயத்தின் தோல்போல் சுற்றியிருக்கும் அந்த அடுக்குகள் எல்லாப் பக்கமும் இழுப்பதால் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்பதை நியூட்டனே நிறுவியிருந்தார். இது எடையைக் குறைக்கும். இரண்டாவதாக, கீழேயுள்ள கனமான கருவுக்கு அவர் நெருங்கிச் செல்கிறார். இது எடையைக் கூட்டும்.

பூமி முழுவதும் ஒரே அடர்த்தியில் இருந்திருந்தால் முதலாவது விளைவே எப்போதும் வெல்லும். பாதி வழியில் பாதி எடைதான் இருக்கும். ஆனால் பூமி அப்படி இல்லை. புவிக்கருவின் எல்லை மையத்திலிருந்து சுமார் 3,480 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியின் கன அளவில் ஏறத்தாழ 16 சதவீதமே கொண்ட இந்தக் கரு, பூமியின் எடையில் ஏறத்தாழ 32 சதவீதத்தைக் கொண்டிருக்கிறது.

வாசகர்கள் இதைத் தாங்களே சரிபார்க்கலாம். 3,480 கிலோமீட்டர் என்பது பூமியின் ஆரமான 6,371 கிலோமீட்டரில் ஏறத்தாழ 55 சதவீதம். தூரம் குறைவதால் ஈர்ப்பு அதன் வர்க்கத்தின்படி கூடும். 0.55இன் வர்க்கம் சுமார் 0.30. எடையின் பங்கான 0.32ஐ இதனால் வகுத்தால் ஒன்றைவிடச் சற்றே கூடுதலான எண் வரும். அதாவது, பூமியின் மூன்றில் இரண்டு பங்கு எடையை மேலே விட்டுவிட்டு வந்த பிறகும் ஈர்ப்பு விசை மேற்பரப்பில் உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது.

மேற்பரப்பில் வினாடி வர்க்கத்துக்கு 9.8 மீட்டர் என்ற அளவில் இருக்கும் ஈர்ப்பு முடுக்கம், கவசத்தின் பெரும்பகுதியில் 10ஐ ஒட்டியே நிற்கிறது. கருவின் எல்லையில் அது சுமார் 10.7 ஆகிறது. அங்கிருந்து ஏறத்தாழ நேர்கோட்டில் குறைந்து, உட்கருவின் விளிம்பில் சுமார் 4.4 ஆகி, மையத்தில் பூச்சியமாகிறது. மையத்தில் எடை இல்லை. ஆனால் மேலேயுள்ள எல்லாவற்றின் பாரமும் அங்கே குவிகிறது. அதனால் அங்குள்ள அமுக்கம் நாம் சுவாசிக்கும் காற்றின் அமுக்கத்தைப் போல ஏறத்தாழ 36 இலட்சம் மடங்கு.

மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அதன் ஆழம் 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. பூமியின் ஆரத்தில் அது ஐந்நூறில் ஒரு பங்குதான். மீதி அனைத்தும் கணக்கினால் பெற்ற அறிவே.

உட்கரு திடமானதா?

1940ஆம் ஆண்டு ஆக்லாந்தை விட்டு மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற புல்லன், 1946 முதல் 1971 வரை சிட்னி பல்கலைக்கழகத்தில் பயன்முறைக் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1942ஆம் ஆண்டு அவர் பூமியின் அடுக்குகளுக்கு, மேலோட்டிலிருந்து மையம் வரை, ஏ முதல் ஜி வரை ஆங்கில எழுத்துக்களைச் சூட்டினார். அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்துவிட்டன. ஆனால் கவசத்தின் அடித்தளத்தில் உள்ள சுமார் 200 கிலோமீட்டர் தடிமனான பகுதியை இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்கள் டி டபுள் பிரைம் என்றே அழைக்கிறார்கள். டி என்ற அடுக்கைப் புல்லன் பின்னர் இரண்டாகப் பிரித்ததன் எச்சம் அது.

புவிக்கருவுக்குள்ளே இன்னொரு சிறிய உட்கரு இருக்கிறது என்பதை டென்மார்க்கின் இங்க லேமன் 1936ஆம் ஆண்டு கண்டறிந்திருந்தார். அவருக்குச் சான்றாக அமைந்தது 1929ஆம் ஆண்டு நியூசிலாந்தின் மர்ச்சிசன் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம். நியூசிலாந்தில் புறப்பட்ட அலைகள் பூமியின் நடுவைக் கடந்து ஐரோப்பாவில் பதிவாகியிருந்தன.

அந்த உட்கரு திரவமா, திடமா என்ற கேள்விக்கு 1946ஆம் ஆண்டு புல்லன் விடை கூறினார். அமுக்கத்துக்குப் பொருட்கள் காட்டும் எதிர்ப்பு, ஆழத்தில் திடீரெனத் தாவாமல் சீராகவே கூடுகிறது என்று அவர் கருதினார். ஆனால் உட்கருவுக்குள் நுழையும்போது அலைகளின் வேகம் திடீரெனக் கூடுகிறது. வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: அமுக்கத்துக்குக் காட்டும் எதிர்ப்பும், வளைக்கவும் திருகவும் இடங்கொடாத விறைப்பும். முதலாவது தாவவில்லை என்றால் இரண்டாவதுதான் தாவியிருக்க வேண்டும். திரவத்துக்கு விறைப்புக் கிடையாது. எனவே உட்கரு திடமானது என்பது அவருடைய முடிவு.

இதற்கான வலுவான சான்று கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆனது. பெரும் நிலநடுக்கங்களின் பின்னர் பூமி முழுவதும் அடிக்கப்பட்ட மணியைப் போல மெல்ல அதிர்வதை ஆராய்ந்த ட்ஸிவோன்ஸ்கி, கில்பர்ட் ஆகிய இருவரும், உட்கரு திடமாக இருந்தால் மட்டுமே அந்த அதிர்வுகள் பொருந்தும் என்று 1971ஆம் ஆண்டு காட்டினார்கள். புல்லன் அதைக் காண உயிருடன் இருந்தார்.

குண்டுகள் தந்த வெளிச்சம்

1954ஆம் ஆண்டு அமெரிக்கா பசிபிக் பெருங்கடலின் பிக்கினி தீவில் ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்துச் சோதித்தது. மார்ச் முதல் தேதி நடந்த வெடிப்பின் கதிரியக்கத் துகள்கள் மார்ஷல் தீவு மக்கள் மீதும், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மீதும் விழுந்தன. மக்கள் தங்கள் தீவுகளை விட்டு அகற்றப்பட்டார்கள். அவர்களுடைய துன்பம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது.

அந்த வெடிப்புகளின் அதிர்வுகள் உலகின் பல நிலையங்களில் பதிவாகியிருந்தன. சிட்னியின் ரிவர்வியூ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி பர்க்-காஃப்னியும் புல்லனும் அப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். நிலநடுக்கம் எப்போது, எங்கே தொடங்கியது என்பது ஓரளவு ஊகமாகவே இருக்கும். குண்டு வெடித்த இடமோ தெரிந்த ஒன்று. வெடித்த நேரத்தை அவர்கள் பதிவுகளிலிருந்தே கணித்தார்கள். ஜெஃப்ரிஸ் - புல்லன் அட்டவணையின் நேரங்கள் சுமார் இரண்டு வினாடிகள் கூடுதலாக இருக்கின்றன என்பதை இத்தகைய வெடிப்புகளே காட்டிக்கொடுத்தன. தன் பெயர் தாங்கிய அட்டவணையில் இருந்த பிழையை எடுத்துக்காட்டும் வேலையில் புல்லன் தானே ஈடுபட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த ஆய்வுகளுக்கு அரசியல் விளைவும் இருந்தது. ஓர் அரசு இரகசியமாக வெடிக்கும் குண்டைப் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து கண்டறியலாம் என்றால், அணுச்சோதனைத் தடையை மீறுபவர்களையும் கண்டறியலாம். 1996ஆம் ஆண்டின் முழுமையான அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையின் கண்காணிப்பு ஏற்பாடு இந்த அடிப்படையில்தான் அமைந்தது. அந்த உடன்படிக்கையில் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திடவில்லை. 1998ஆம் ஆண்டு மே மாதம் பொக்ரானில் நடந்த சோதனைகளின் வலிமை பற்றி இந்திய அதிகாரிகள் கூறியதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கியதும் நிலநடுக்கப் பதிவுகளைக் கொண்டுதான்.

புல்லனின் சொந்த நகரம் அவருடைய மறைவுக்குப் பின்னர் அணுச்சோதனை எதிர்ப்பின் அடையாளமாக மாறியது. பசிபிக்கில் பிரான்ஸ் நடத்திய சோதனைகளை எதிர்த்துப் புறப்படவிருந்த ரெயின்போ வாரியர் கப்பலை, பிரெஞ்சு உளவாளிகள் 1985ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஆக்லாந்துத் துறைமுகத்தில் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். அதில் ஒருவர் உயிரிழந்தார். 1987ஆம் ஆண்டு நியூசிலாந்து தன்னை அணு ஆயுதமற்ற வலயமாகச் சட்டமியற்றி அறிவித்தது.

தவறிய கணிப்பு

புல்லனின் முடிவுகள் எல்லாம் காலத்தை வென்று நிற்கவில்லை. புவிக்கரு இரும்பாலானது அல்ல, கவசத்தின் பாறையே பெரும் அமுக்கத்தில் உலோகமாக மாறிய நிலைதான் அது என்ற கருத்து 1940களின் இறுதியில் முன்வைக்கப்பட்டது. அப்படியானால் பூமி, வெள்ளி, செவ்வாய் ஆகிய மூன்றும் ஒரே பொருளாலானவையாக இருக்கலாம். எளிமையான இந்த எண்ணம் புல்லனைக் கவர்ந்தது. அவர் அதை ஆதரித்துக் கணக்குகள் செய்தார்.

பின்னர் நடந்த சோதனைகள் அக்கருத்தைக் கைவிடச் செய்தன. வாழ்வின் கடைசி ஆண்டுகளில் புல்லனே வெளிக்கருவுக்கு இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு பொருளை முன்வைத்தார். வெளிக்கரு பெரும்பாலும் இரும்பாலானது, ஆனால் தூய இரும்பைவிடச் சற்று இலேசானது என்பதே இன்றைய நிலைப்பாடு. அதை இலேசாக்கும் தனிமங்களில் ஆக்சிஜனும் ஒன்றாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கணக்கு கட்டாயப்படுத்திய இடங்களில் புல்லன் சரியாக இருந்தார் என்பதும், எளிமையின் கவர்ச்சிக்கு இடங்கொடுத்த இடத்தில் தவறினார் என்பதும் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஓர் ஆழத்தில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதை அலைகளும் ஈர்ப்பும் சொல்லிவிடும். அது என்ன பொருள் என்பதை அவை மட்டுமே சொல்லிவிடாது.

இந்துமாக் கடலின் பள்ளம்

புல்லனின் துறை தமிழர்களுக்குத் தொலைவானது என்று தோன்றலாம். ஆனால் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுமாத்திராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அதிர்வுகள், சில நிமிடங்களில் இலங்கையையும் தமிழகத்தையும் கடந்து சென்றன. கடல் அலைகள் வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரமானது. சுமார் இரண்டேகால் இலட்சம் பேரைப் பலிகொண்ட அந்த நாளில், எச்சரிக்கைக்கு நேரம் இருந்தது. இந்துமாக் கடலில் அதற்கான ஏற்பாடு இருக்கவில்லை. அந்த நிலநடுக்கத்தால் எழுந்த பூமியின் மெல்லிய அதிர்வைக் கருவிகள் மாதக்கணக்கில் பதிவு செய்தன. ஹைதராபாத்தில் 2007ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சுனாமி எச்சரிக்கை மையம் உட்பட, இத்தகைய மையங்கள் அனைத்தும் செய்யும் முதல் வேலை, அலைகள் வந்த நேரத்தைக் கொண்டு நிலநடுக்கத்தின் இடத்தைக் கணிப்பதே. ஜெஃப்ரிஸும் புல்லனும் கைக்கணக்காகச் செய்ததன் வாரிசு அது.

இன்னொன்றும் உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்துமாக் கடலில், ஈர்ப்பு விசை சற்றுக் குறைந்திருப்பதால் கடல் மட்டம் எதிர்பார்க்கப்படும் அளவைவிடச் சுமார் 100 மீட்டர் தாழ்ந்திருக்கும் பரந்த பகுதி ஒன்று உள்ளது. உலகில் இத்தகைய பள்ளங்களில் இதுவே மிகப் பெரியது. கப்பலில் செல்பவர்களுக்கு அது தெரிவதில்லை. கவசத்தில் உள்ள வெப்பமான, அடர்த்தி குறைந்த பொருளே இதற்கு முக்கியக் காரணம் என்று பெங்களூரின் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பூமியின் ஆழத்தில் எங்கே எவ்வளவு எடை இருக்கிறது என்ற புல்லனின் கேள்வி, தமிழர்களின் கடலடியில் இன்னமும் கேட்கப்பட்டு வருகிறது.

பிரிட்டனின் ராயல் சொசைட்டி 1949ஆம் ஆண்டிலேயே புல்லனை உறுப்பினராக்கியிருந்தது. அந்நாட்டின் ராயல் வானியல் கழகம் 1974ஆம் ஆண்டு தங்கப் பதக்கம் வழங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி, ஆக்லாந்தில் அவர் காலமானார்.

அசாம், மர்ச்சிசன், நேப்பியர், பிக்கினி, சுமாத்திரா என்று நிலநடுக்கமும் குண்டுவெடிப்பும் மனிதர்களைத் தாக்கிய இடங்களிலிருந்து புறப்பட்ட அதிர்வுகளே பூமியின் ஆழத்தைக் காட்டித் தந்திருக்கின்றன. அந்தத் துயரங்களைத் தடுக்கும் ஆற்றல் புல்லனுக்கு இருக்கவில்லை. அவை விட்டுச்சென்ற வினாடிக் கணக்குகளை வீணாக்காமல் சேர்த்து வைத்ததே அவர் செய்த பணி.